ஏழு கோடி வயதுத் தாடை

ஸ்கேன் மேஜையில் ஒரு தாடை எலும்பு கிடந்தது. அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் தோண்டி, சாக்கில் சுற்றி, பெரம்பலூரில் எங்கள் ஸ்கேன் சென்டருக்குக் கொண்டுவந்திருந்தார்கள்.

"பேரு, வயசு போடாம மெஷின் ஓடாது சார்" என்றேன்.

"டைனோசர்னு போடுங்க மேடம். வயசு ஏழு கோடி" என்று சிரித்தார் ஆய்வாளர் சுதர்சன்.

அந்தக் கட்டத்தில் அவ்வளவு ஏறாது. தொண்ணூற்றொன்பது என்று போட்டுத் தொலைத்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெளியே பெஞ்சில் டாக்டருக்காகக் காத்திருந்தாள் ஆர்த்தி. இடது கை துப்பட்டாவில் தொங்கியது. சற்று முன்தான் எக்ஸ்ரே எடுத்தேன். எப்படி ஆச்சு என்று அவளைக் கேட்டால், பாத்ரூமில் வழுக்கிவிட்டதாகப் புருஷன்காரன் பதில் சொல்கிறான்.

படத்தில் புது முறிவு ஒன்று. அதே கையில் ஆறிப்போன பழைய முறிவு இரண்டு. அதற்கெல்லாம் எங்கே கொண்டுபோய்க் கட்டுப் போட்டானோ, பாவி.

திரையில் தாடை தெரிந்ததும் சுதர்சன் துள்ளிவிட்டார். இந்த வேட்டை மிருகம் எப்படி வாழ்ந்தது என்று பார்த்தவர் யாருமில்லை, காயம்தான் சொல்லும் என்றார். எலும்பில் பதிந்திருந்த பள்ளங்களின் இடைவெளி இதே இனத்தின் பல்வரிசைக்குச் சரியாகப் பொருந்துகிறதாம். சுற்றிலும் எலும்பு வளர்ந்திருப்பதால், கடிபட்ட பிறகும் உயிரோடு இருந்திருக்கிறதாம். ஒரு காயம் நன்றாக ஆறியது, இன்னொன்று பாதிதான்.

"ஒரே நாள்ல பட்டதில்லீங்க. திரும்பத் திரும்பக் கடிச்சிருக்கு. அதுவும் கூடவே இருந்த ஒண்ணு!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்றைக்கோ செத்த மிருகத்தைக் கடித்தது யார் என்று கண்டுபிடிக்க வேன் என்ன, ஸ்கேன் என்ன, இத்தனை பேர் மெனக்கெடல் என்ன! உயிரோடு வெளியே உட்கார்ந்திருப்பவளுக்குப் பாத்ரூம். அதைக் கேட்டுக்கொண்டு நானும் வாயைப் பொத்தி நிற்கிறேன். த்தூ!

படங்களைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

ஜெயசீலன் பைக் சாவியைச் சுழற்றிக்கொண்டே எழுந்தான். "மாவுக்கட்டு போட்டதும் கெளம்பிரலாங்களா அத்தை?"

கல்யாணமான நாளிலிருந்து அவனை வாங்க, போங்க என்றுதான் பேசியிருக்கிறேன்.

"நீ கெளம்பு. எம்பொண்ணு வரமாட்டா."

அவன் திரும்பி ஆர்த்தியை முறைத்தான். அவள் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.