வலது கை
மதிய வெயில் சோதனை அறை மேசையில் சாய்ந்து கிடக்கிறது. வாசனை பார்ப்பவர் இடது மணிக்கட்டை மூக்கருகே கொண்டு போகிறார். ஆண்களுக்கான புதிய சந்தன சென்ட். காலையில் அடித்தபோது எலுமிச்சையாகச் சீறியது, இப்போது அடங்கி, இழைத்த மரமாக நிற்கிறது. தேறுமா தேறாதா, பிடிபடவில்லை. முகர்ந்து முகர்ந்து மூக்கு மரத்துப்போனால், சென்ட் படாத தன் சட்டைக் கையை முகர்ந்து தெளிவார்கள். இந்தத் தொழிலின் வழக்கம் அது. வலது முழங்கை மடிப்பில் முகத்தைப் புதைக்கிறார். பாலும் பவுடரும் மணக்கின்றன. காலையில் ரயில் வரும்வரை மகள் அங்கேதான் தூங்கினாள். அம்மாவோடு பாட்டி வீட்டுக்குப் போனவள் திரும்பி வர மூன்று மாதமாகும். சென்ட்டின் மதிப்பீட்டுப் படிவத்தில் இன்னும் ஒரு வரிகூட ஏறவில்லை. மறுபடி வலது கை.

“எத்தனை தடவை சார் அதையே மோந்து பாப்பீங்க?” மேலாளர் அம்மாள் புட்டியை எடுக்கிறார். “சந்தேகமா இருந்தா அந்தக் கையிலயும் அடிச்சுப் பாத்துடலாம். முடிவு இன்னிக்கே போகணும்.”

வலது கை சட்டென்று முதுகுக்குப் பின்னால் போகிறது.

“வேணாம் மேடம். தேறிடுச்சு.”

இடது கையால், கோணல்மாணலாக, கையெழுத்துப் போடுகிறார்.