ஊரில் எந்தப் பக்கம்

அந்த ஊர்வலத்தில் நடந்த தமிழர்கள் மூன்று பேர்: என் மகன் இளம்பரிதி, இந்த வெளிநாட்டு நகரத்துத் தமிழ்ச் சங்கத் தலைவர் வைத்தியலிங்கம், நான். "நிறத்தை வைத்து யாரையும் தாழ்த்தாதே" என்ற அட்டையை மகன் உயர்த்திப் பிடித்திருந்தான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

"ஐயாவுக்கு எந்த ஊரு?" என்றார் வைத்தியலிங்கம்.

சொன்னேன்.

"அடடே, எங்க சித்தி வாக்கப்பட்ட ஊராச்சே! ஊருக்குள்ள எந்தப் பக்கம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் மகன் முந்திக்கொண்டான். "மேலத்தெரு, சார். பிள்ளையார் கோயிலை ஒட்டி."

அந்தத் தெருவில் செருப்பைக் கழற்ற மறுத்து அடிவாங்கியவர் என் அப்பா.

"அப்ப நம்மாளுகதான்!" வைத்தியலிங்கம் என் தோளில் கை போட்டார். மகன் அட்டையை இன்னும் உயரத் தூக்கினான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"தம்பி தப்பாச் சொல்றான். நாங்க காலனி," என்றேன்.

தோளிலிருந்த கை இறங்கியது.

எனக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றும், மகன் என்னைப் பாதியிலேயே வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டான் என்றும் சங்கத்தில் பேசிக்கொள்கிறார்களாம். அது பொய். பாதியில் திரும்பியவர் வைத்தியலிங்கம். அவரைச் சமாதானப்படுத்தப் பின்னால் ஓடியவன் என் மகன். நான் கடைசிவரை நடந்தேன்.