ஒரே தட்டில் இரண்டு குப்பிகள்
மேட்டுப்பாளையம் ரோட்டைப் பார்த்த ஆஸ்பத்திரி ஜன்னலில் காலை வெயில் மிதக்கிறது. மெர்சியின் ரத்தத்திலிருந்து இயந்திரம் பிரித்தெடுக்கும் மஞ்சள் நீர் ஒரு பையில் மெல்ல நிறைகிறது. இரண்டு பிள்ளைகளைச் சுமந்தபோது, அவர்களுக்குள் இருந்த அப்பாவின் சாயலை எதிர்க்கப் பழகிய ரத்தம் அது. இப்போது கணவன் ரவிக்குமார் தரவிருக்கும் சிறுநீரகத்தையும் ஏற்க மறுக்கிறது. அந்த எதிர்ப்பை வடித்தெடுப்பது இது ஐந்தாவது முறை. “பன்னெண்டு வருசமா எதுத்து ஒரு வார்த்தை பேசாம, எல்லாத்தையும் ரத்தத்துல சேத்து வெச்சுப்போட்டியே அம்மணி,” என்கிறான் அவன். “பேச உட்டீங்களாக்கும்?” அவள் கண்மூடிச் சிரிக்கிறாள். நர்ஸ் இருவரிடமும் ரத்தம் எடுத்து, இரண்டு குப்பிகளை ஒரே தட்டில் வைக்கிறாள். ஆய்வகத்தில் கலந்து பார்ப்பார்கள். மோதாவிட்டால் திங்கட்கிழமை ஆபரேஷன். வெயிலில் நகரும் தட்டில் தன் பெயர் எழுதிய குப்பியை மெர்சி பார்க்கிறாள். “இன்னிக்கு ஒரு நாளைக்காச்சும் அவரோட ஒத்துப் போ, கண்ணு,” என்கிறாள்.