சார் சொன்ன கிட்டார்

“சார், மேடத்துக்கு மெட்டல் பாகமெல்லாம் தங்க நிறத்துல போட்டுடலாமா?” என்று கிட்டார் செய்பவர் என் கணவரைக் கேட்டார்.

மேடம் நான்தான். அவருக்கு நேர் எதிரே, கைக்கெட்டும் தூரத்தில், முழு உருவமாக உட்கார்ந்திருந்தேன்.

“வெள்ளி நிறம்,” என்றேன்.

என் கணவர் புன்னகைத்துத் தலையாட்டினார். படிவத்தில் ‘தங்கம்’ என்று ஏறியது.

இருபத்து மூன்று வருடமாக ஓர் இசைக்குழுவில் நான் லீட் கிட்டார் வாசிக்கிறேன். அத்தனை வருடமும் கடையில் தொங்கியதை வாங்கி, யார் கைக்கோ செய்த அளவில் என் விரல்களை இழுத்து இழுத்து வாசித்தேன். இடது கட்டைவிரல் மூட்டு தேய்ந்துவிட்டது. இடது கை பற்றும் கழுத்தான நெக் உங்கள் கைக்குத் தக்கபடி மெல்லிசாக இருப்பதை வாசியுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

விடுவதாக இல்லை. அதனால்தான் வந்தேன்.

போன் செய்து நேரம் கேட்டது நான். ஸ்கூட்டரை ஓட்டி வந்ததும் நான். பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தவர்தான் சார்.

மேஜை மேல் ஒரு தட்டில் உலோகச் சாமான்கள் பளபளத்தன. கம்பிகளை முறுக்கும் சாவிகளில் பூட்டு உள்ளவற்றை எடுத்து முன்னால் வைத்தேன். மேடையில் பாட்டுக்கு நடுவே சுருதி இறங்கினால் திட்டு வாங்குவது நான்தானே.

“பூட்டெல்லாம் எதுக்கு சார்? மேடத்துக்குச் சாதாரணமே போதும்ல?”

சார் தலையாட்டினார். சாதாரணமே போதும் என்று ஏறியது.

கம்பிகள் வந்து தங்கும் பிரிட்ஜ், ஆடாமல் அசையாமல் இருப்பதாக வேண்டும் என்றேன். கைப்பிடி வைத்து ஆட்டுகிற மாதிரி இருந்தால்தான் கெத்து என்று அவர் சாரிடம் விளக்கினார். சார் அதற்கும் தலையாட்டினார். கைப்பிடி ஏறியது.

பிறகு கிட்டார்காரர் என் கையைப் பிடித்து, கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை ஸ்கேல் வைத்து அளந்தார்.

அளவைச் சாரிடம் சொன்னார்.

எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது. இந்த மனிதரை நான் இன்றைக்குத்தான் பார்க்கிறேனா? ஒலிப்பதிவுக் கூடத்தில், வாடகை வீடு பார்க்கப் போன இடத்தில், ஏன், என் கட்டைவிரலைக் காட்டப்போன டாக்டர் அறையில்கூடப் பார்த்திருக்கிறேன். முகம்தான் வேறு.

சார் நடுவில் கையை நீட்டிப் பேனாவை வாங்கினார். ஏதோ முக்கியமாகச் சொல்லப்போகிறார் என்று கிட்டார்காரர் படிவத்தை மரியாதையாக அவர் பக்கம் திருப்பி வைத்தார். என் கணவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். ‘வாடிகையாளர்’ என்று அச்சாகியிருந்த இடத்தில் விட்டுப்போன ‘க்’கைச் சேர்த்துவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

“சார் ரொம்ப நுணுக்கம்!” என்று கிட்டார்காரர் பூரித்துப்போனார்.

கடைசியாக நெக். எனக்கு உயிரே அதில்தான் இருந்தது. கைவலி, டாக்டர், மெல்லிய அளவு என்று எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

அவர் சார் பக்கம் சாய்ந்தார். “மெல்லிசா வேணாம் சார். வழக்கமான கனமே இருக்கட்டும். கொஞ்ச நாள் பழகினா மேடத்துக்கு வலியெல்லாம் போயிடும்.”

சார் புன்னகைத்தார். தலையாட்டினார்.

நான் எழுந்து படிவத்தைப் பிடுங்கி இரண்டாகக் கிழித்தேன்.

“அவருக்குக் காது கேட்காதுங்க,” என்றேன். “பிறவியிலேயே. தெரியாதவங்க வாயசைச்சா சிரிச்சுத் தலையாட்டிடுவார். நீங்க இவ்வளவு நேரமும் உங்களையே கேட்டு நீங்களே எழுதியிருக்கீங்க.”



கிட்டார்காரர் புதுப் படிவம் எடுத்தார். நாற்காலியை முதல்முறையாக என் பக்கம் திருப்பினார். “பாவம், சொல்லவே இல்லையே! அப்போ நீங்களே சொல்லுங்க மேடம்.”

அந்த ‘அப்போ’தான் என்னைச் சுட்டது. வாசிக்கிறவள் நான் என்பதால் அவர் திரும்பவில்லை. கேட்பதற்குச் சார் இல்லாமல் போனதால் திரும்பினார்.

இருந்தாலும் சொன்னேன். வெள்ளி, பூட்டுச் சாவி, அசையாத பிரிட்ஜ், மெல்லிய நெக். ஒவ்வொன்றையும் அவர் எழுதி முடிக்கும் வரை பேனா முனையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“மரம்?”

“அதை மட்டும் அவர்தான் பார்ப்பார்.”

“சாரா?”

வீட்டில் நான் வாசிக்கும்போது என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து கிட்டாரின் உடம்பில் உள்ளங்கையை வைத்துக்கொள்வார். தப்பாக ஓர் இடம் போனால் நான் நிறுத்துவதற்குள் அவர் புருவம் ஏறிவிடும். எங்கள் குழுவில் இருக்கும் நான்கு பேருக்கும் அந்தக் காது கிடையாது.

கிட்டார்காரர் ஐந்து பலகைகளை எடுத்து வந்து வரிசையாகச் சாய்த்து வைத்தார். நான் ஒவ்வொன்றாகத் தட்டினேன். என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு, கையைப் பதித்து, நகர்ந்து நகர்ந்து வந்தார். நான்காவது பலகையில் நின்றார். இன்னொரு முறை தட்டச் சொல்லிச் சைகை காட்டினார். தட்டினேன். அந்தப் பலகையை இரண்டு கையாலும் தூக்கி மேஜை மேல் வைத்தார்.

கிட்டார்காரர் அந்தப் பலகையைப் பார்த்தார். என் கணவரைப் பார்க்கவில்லை. என்னிடம் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“சாருக்கு நிஜமாவே புரிஞ்சுதா மேடம்?”

கேள்வியை ஓர் எழுத்து விடாமல் என் கணவருக்குக் கைகளால் சொன்னேன்.

அவர் கிட்டார்காரரின் முகத்தை நிதானமாகப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் உயர்த்தி, விரல் விரலாக, நீளமாக ஒரு பதில் சொன்னார்.

“சார் என்ன சொல்றார் மேடம்?”

நான் புன்னகைத்துத் தலையாட்டினேன்.