திட்டுவதற்கு ஒரு மாடி

வீட்டுக்குள் ஸ்மார்ட் ஃபிரிட்ஜைக் குறை சொன்னால் அதற்குக் கேட்டுவிடும். உடனே வாரன்ட்டியில் ஒரு நாளைக் குறைத்துவிடும். அதனால் தமயந்தி புளித்த மாவை எடுக்கும்போதும், "ராசா, உன்ன மாதிரி வருமா!" என்று அதைத் தட்டிக்கொடுப்பாள். சாயங்காலமானால் கணவன் ஞானசேகரோடு மொட்டைமாடிக்குப் போய், ஃபிரிட்ஜ் கம்பெனியை வாய் வலிக்கத் திட்டுவாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் இருவரும் இவ்வளவு பேசியதே இல்லை.

நேற்று கம்பெனி மன்னிப்புக் கேட்டது. இனி வாரன்ட்டி குறையாதாம், வீட்டிலேயே தாராளமாகத் திட்டலாமாம்.

ஞானசேகர் போனோடு சோபாவில் சாய்ந்தான். "அப்பாடா, இனிமே மாடி ஏற வேணாம்."

தமயந்தி ஃபிளாஸ்க்கில் காபியை ஊற்றினாள்.

"ஃபிரிட்ஜ இங்கயே திட்டிக்கலாம். உங்களத் திட்டறதுக்குப் பன்னெண்டு வருஷமா சேத்து வெச்சிருக்கேனே, அத இது முன்னாடியா சொல்ல முடியும்? எழுந்திரிங்க!"

அவன் சிரித்துக்கொண்டே செருப்பைத் தேடினான்.