ஊருக்கு ஆபத்தில்லை

வானத்திலிருந்து வரும் கல்லை முழுவதுமாகத் திருப்ப முடியவில்லை, சற்றுத் தள்ளிவிடலாம், எந்தப் பக்கம் என்று பஞ்சாயத்தே சொல்லட்டும் என்றார்கள் விண்கல் தடுப்பு மையத்தில். பஞ்சாயத்துத் தலைவர் என் அப்பா. கூட்டம் எங்கள் வீட்டில்தான் நடந்தது. நான் காபி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"மேக்க நம்ம தென்னந்தோப்பு, கெழக்க காலனி" என்றார் தவசிச் சித்தப்பா. "தோப்பு போனா வருமாண்ணே? வீட்ட கவர்மெண்டு கட்டிக் குடுத்துரும்."

அப்பா கிழக்கு என்று சொல்லிவிட்டார். பிறகு ஒலிபெருக்கியில், "ஊருக்கு ஆபத்தில்லை" என்று அறிவித்தார். காலனியை இங்கே யாரும் ஊர் என்று சொல்வதில்லை. அங்கிருந்த ஆட்களை மட்டும் லாரியில் ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் இறக்கினார்கள்.

கல் விழுந்த மறுநாள் காவல் சாமிக்குக் கெடா வெட்டினோம். கிழக்கே பள்ளம் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. அந்தப் புகையும் கறி வாசனையும் கலந்து பந்தி வரை வந்தன.

பந்தியில் இருந்தபடியே அப்பா, பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த, தன்னைவிட மூத்தவரான கருத்தப்பனுக்குப் போன் போட்டார். "டேய், ராத்திரிப் பூசைக்கு நேரமாச்சு. தப்பு மேளத்தத் தூக்கிட்டு ஓடியா."

"மேளம் வீட்டுக்குள்ளதான இருந்துச்சுங்கய்யா" என்றது ஸ்பீக்கரில் அவர் குரல்.

பந்தியே சிரித்தது. "அப்பப் பக்கத்தூர்ல இரவல் வாங்கிட்டு வாடா" என்றார் அப்பா.

சித்தப்பா என் இலையில் இன்னொரு துண்டு கறியை வைத்தார்.

"சாப்புடு தாயி. ஏன் மூஞ்சியச் சுளிக்கிற? அந்தத் தோப்பு ஒனக்குச் சீதனமாத்தான வரப்போகுது."