ரெண்டு இஞ்ச் கம்மி

சைக்கிள் கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. எத்தனை வண்டியைக் காட்டினாலும் அந்தப் பெண் சிவப்பு சைக்கிளையே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா, கலரைப் பார்த்தா சைக்கிள் வாங்குவாங்க? பிரேம் அளவைப் பார்க்கணும். காலைப் போட்டு நின்னு பாரு. நடுவுல இருக்கிற பார் கம்பி இடிக்குதுல்ல? உனக்குக் கால் ரெண்டு இஞ்ச் கம்மி. பேசாம சின்ன சைஸை எடுத்துக்க."

"எனக்கு இதுதான் வேணும்ணே. யாருக்கும் குடுத்துடாதீங்க, அடுத்த மாசம் வரேன்."

"அதுக்குள்ள கால் வளந்துடுமாக்கும்!"

கடையே சிரித்தது. அவளும் சிரித்துவிட்டுப் போனாள்.

சொன்னபடியே வந்தாள். யாரையும் கேட்காமல் சிவப்பு சைக்கிளை வெளியே உருட்டி, காலைத் தூக்கிப் போட்டு நின்றாள். பார் இடிக்கவில்லை. நடுவில் தாராளமாக இடம் இருந்தது.

கடைக்காரர் குனிந்து அவள் செருப்பைப் பார்த்தார். தட்டைச் செருப்புதான்.

"அதெப்படிம்மா?"

அவள் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டாள். இரண்டும் செயற்கைக்கால்கள். புத்தம் புதுசாகப் பளபளத்தன.

"விபத்து நடந்தப்ப, நான் எவ்வளவு உயரம் இருக்கணும்னு ஆஸ்பத்திரிக்காரங்களே முடிவு பண்ணி மாட்டிவிட்டாங்க. அந்தக் கால் தேஞ்சுபோச்சு. இந்தத் தடவை அளவை நான் சொன்னேன்."



அவள் பெடலில் காலை வைத்தாள்.

"சீட்டை மட்டும் இன்னும் கொஞ்சம் ஏத்திவிடுங்கண்ணே."